சூடு காக்கும் ஐஸ் பெட்டி

மலிவு விலை ஐஸ் பெட்டி ஒன்றின் சுவரை விரலால் தட்டிப் பாருங்கள், பிறகு மூடியைத் தட்டிப் பாருங்கள். சுவரின் சத்தம் அடங்கிக் கேட்கும். மூடி பெரும்பாலும் டொப்பென்று வெற்றொலி எழுப்பும். சுவருக்குள் நுரை அடைத்திருக்கிறார்கள். மூடிக்குள் வெறும் காற்று. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, பெட்டியின் அடியிலேயே தங்கிவிடும். மேல்பக்கம் வழியாக நடக்கும் இழப்பு குறைவு என்பதால் தயாரிப்பாளர் அங்கே மிச்சம் பிடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குக் கோழித் துண்டுகளையும் குளிர்பானங்களையும் எடுத்துப் போகிறவருக்கு அது போதும்.

அதே பெட்டிக்குள் 67 டிகிரி செல்சியஸில் வெந்நீரை ஊற்றினால் கணக்கு தலைகீழாகிவிடும். சூடு மேலே ஏறும், வெற்று மூடி வழியே வெளியேறும். அதனால்தான் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் ஐஸ் பெட்டியை வாங்கி வந்ததும் மூடியின் உள்பக்கத்தில் சில துளைகள் போட்டு, விரியும் நுரையை டப்பாவிலிருந்து பீய்ச்சி நிரப்புகிறார்கள். சோம்பேறிகள் பழைய போர்வையை நாலாக மடித்து மேலே போட்டுவிடுவார்கள். எண்ணி இரண்டே நிமிட வேலை, பலன் ஏறக்குறைய அதேதான்.

பெட்டிக்குத் தெரிந்தது வெப்பம் கடப்பதைத் தாமதப்படுத்துவது மட்டும். உள்ளே இருப்பது குளிரா சூடா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. இன்றைக்குப் பாலியூரித்தேன் நுரையின் நுண்ணறைகளில் அடைபட்ட வாயு செய்யும் இந்த வேலையை 19ஆம் நூற்றாண்டில் மரத்தூள் செய்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அது மாதக்கணக்கான பயணம். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். ஆனாலும் விற்கும் அளவுக்குப் பனி மிஞ்சியது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்துக்காக 1842இல் எழுந்த கட்டடம். சிங்கப்பூரிலும் 1854 வாக்கில், வாம்போ என்ற பெயரால் ஊரறிந்த வணிகர் ஹூ ஆ கே, ஆற்றங்கரையில் ஐஸ் கிடங்கு நடத்திப் பார்த்தார். ஊருக்குப் பனிக்கட்டி பிடித்திருந்தது, விலைதான் பிடிக்கவில்லை போலும். வியாபாரம் நீடிக்கவில்லை.

பியர் காய்ச்சுகிறவருக்குப் பெட்டியிடமிருந்து வேண்டியது இதுதான்: உடைத்த மால்ட்டும் வெந்நீரும் கலந்த ஊறல், 65க்கும் 68க்கும் இடையில், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மேஷ் என்பது அந்தக் கட்டத்தின் பெயர். அது நடக்கும் பாத்திரம் மேஷ் டன். வெறும் ஒரு மணி நேரம்தான். ஆனால் பியர் இனிக்குமா, வறண்டிருக்குமா, நாக்கில் கனமாக நிற்குமா, தண்ணீராக ஓடுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

கள்ளுக்கு இந்தப் பாடு கிடையாது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் சர்க்கரை கரைந்தே இருக்கிறது. கலயத்தில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்னத் தொடங்கினால் சில மணி நேரத்தில் கள் தயார். தானியத்தில் சர்க்கரை இல்லை, மாவுச்சத்துதான் இருக்கிறது. பியர் ஈஸ்டால் மாவுச்சத்தைத் தொட முடியாது. யாராவது அதை முதலில் சர்க்கரையாக உடைத்துத் தர வேண்டும். உடைக்கும் ஆள் தானியத்துக்குள்ளேயே இருக்கிறார்: அமிலேஸ் என்னும் நொதிகள். விதை முளைக்கும்போது குருத்துக்கு உணவு தருவதற்காகச் செடி தயாரித்து வைத்துக்கொள்ளும் கருவிகள் அவை. பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, குருத்து நீளும் முன்பே மிதமான சூட்டில் உலர்த்தினால் கருவிகளும் மாவுச்சத்தும் ஒரே மணியில் சேர்ந்து உறங்கும். அதுதான் மால்ட்.

நமக்கு இது புதிதல்ல. கேழ்வரகை முளைகட்டி, நிழலில் காயவைத்துத் திரித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய வீடுகளில், அதே அளவு சாதாரண மாவில் காய்ச்சியதைவிட அந்தக் கஞ்சி நீர்த்து வருவதைக் கவனித்திருப்பார்கள். முளைத்த தானியத்தின் அமிலேஸ், கஞ்சி சூடேறும் வழியில் மாவுச்சத்தின் நீண்ட தொடர்களை அறுத்துவிடுகிறது. கெட்டித்தன்மை போய் லேசான இனிப்பு வருகிறது. அதனால் குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் கூடுதல் மாவைச் செலுத்த முடிகிறது. அந்தக் கஞ்சியை ஒரு மணி நேரம் சரியான சூட்டில் நிறுத்தி வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் மேஷ். லிட்டில் இந்தியாவின் தேக்கா கடையில் கேழ்வரகு மாவு வாங்கும் யாருக்கும் பாதி வேதியியல் ஏற்கெனவே தெரியும்.

1833இல் பிரான்சில் ஆன்செல்ம் பேயனும் ழான் பிரான்சுவா பெர்சோவும் மால்ட் ஊறிய நீரில் ஆல்கஹாலைச் சேர்த்து, மாவுச்சத்தைக் கரைக்கும் ஒரு பொருளைத் தனியே படிய வைத்தார்கள். டயாஸ்டேஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மனிதர் பிரித்தெடுத்த முதல் நொதி அது. டியூடரின் பனிக்கட்டி கல்கத்தாவில் இறங்கிய அதே ஆண்டு. இரண்டும் ஒருநாள் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க வழியில்லை.

மால்ட்டில் முக்கியமான அமிலேஸ் இரண்டு. லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலைப் பூக்கடையில் தொங்கும் மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவும் ஒரு குளுக்கோஸ். பீட்டா அமிலேஸ் சரத்தின் நுனியில் உட்கார்ந்து இரண்டிரண்டு பூவாகக் கிள்ளும். அந்த இரண்டிரண்டுதான் மால்டோஸ், ஈஸ்டுக்குப் பிடித்த சர்க்கரை. ஆல்ஃபா அமிலேஸ் கத்திரிக்கோலுடன் வந்து சரத்தை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். வெட்டுக்கு வெட்டு புதிய நுனிகள் கிடைப்பதால் பீட்டாவின் வேலை வேகமெடுக்கும். பார்லி மாவுச்சத்தில் பெரும்பகுதி நேர்ச்சரம் அல்ல, கிளை பிரிந்து முடிச்சிட்ட சரம். முடிச்சு வந்தால் பீட்டா நின்றுவிடும், ஆல்ஃபாவாலும் முடிச்சை அவிழ்க்க முடியாது. அப்படி மிஞ்சும் துண்டுகள் டெக்ஸ்ட்ரின்கள். ஈஸ்ட் அவற்றைத் தின்னாது. பியருக்கு நாக்கில் ஒரு கனம் கிடைப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

இரண்டு நொதிகளுக்கும் ஒரே சூடு ஒத்துவராது என்பதுதான் இதில் உள்ள சிக்கலும் சுவையும். பீட்டாவுக்கு 60 முதல் 65 டிகிரி இதம். 70ஐத் தொட்டால் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். ஆல்ஃபா 70ஐ ஒட்டித்தான் உற்சாகமாக வேலை செய்யும். இதற்கிடையில் பார்லியின் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி, உப்பி, நொதிகளுக்கு வழிவிடவே 60 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் காய்ச்சுகிறவர் சமரசம் செய்கிறார். 64இல் நிறுத்தினால் மால்டோஸ் அதிகம். பியர் மெலிந்து, வறண்டு, ஆல்கஹால் சற்றுக் கூடி வரும். 69இல் நிறுத்தினால் டெக்ஸ்ட்ரின் மிஞ்சும். பியர் கனத்து, இனிப்பின் சாயலோடு வரும். அதே மால்ட், அதே தண்ணீர்தான். வித்தியாசம் ஐந்து டிகிரி.

அடுப்பில் வைத்த பாத்திரத்தில் இந்த ஐந்து டிகிரியைக் கட்டி ஆள்வது தொல்லை. நுரை இல்லாத எவர்சில்வர் பானை ஒரு மணி நேரத்தில் பத்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அடுப்பைப் பற்றவைத்தால் அடியில் இருக்கும் ஊறல் 75ஐத் தாண்டும், மேலே 62ஆக இருக்கும். கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். ஐஸ் பெட்டியின் கணக்கைப் பாருங்கள். 30 லிட்டருக்கு மேற்பட்ட ஒரு பெட்டியின் மொத்தப் பரப்பு முக்கால் சதுர மீட்டர் இருக்கும் என்று வையுங்கள். சுவரில் இரண்டரை சென்டிமீட்டர் நுரை. உள்ளே 67 டிகிரி, வெளியே சிங்கப்பூரின் 30. இந்த நிலையில் சுவர்கள் வழியே கசியும் வெப்பம் சுமார் 30 வாட், ஒரு சின்ன குண்டு பல்பு அளவு. உள்ளே நாலரைக் கிலோ மால்ட்டும் பதின்மூன்றரை லிட்டர் தண்ணீரும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை முதல் இரண்டு டிகிரிதான் இறங்கும். நொதிகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். அடுப்பு வேண்டாம், தெர்மோஸ்டாட் வேண்டாம், மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வரலாம்.

சிங்கப்பூரில் இருப்பதன் லாபம் இங்கே தெரிகிறது. வெப்ப இழப்பு உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. குளிர்நாட்டில் ஒருவர் பனிக்காலத்தில், 5 டிகிரியில் இருக்கும் கார் கொட்டகையில் இதே பெட்டியை வைத்தால் வித்தியாசம் 62 டிகிரி, இங்கே 37. அவருடைய பெட்டி நம்முடையதைவிட சுமார் 1.7 மடங்கு வேகத்தில் சூட்டை இழக்கும். ஊற்றும் தண்ணீரிலும் இதே சலுகைதான். மால்ட்டின் வெப்பக் கொள்ளளவு, அதே எடை நீரினுடையதில் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு கிலோ மால்ட்டுக்கு மூன்று லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், நம் சமையலறையில் 30 டிகிரியில் கிடக்கும் மால்ட்டை 67க்கு உயர்த்த, நீர் 72 டிகிரியில் இருந்தால் போதும். கார் கொட்டகைக்காரருக்கு 75க்கு மேல் தேவைப்படும். பெட்டியும் கொஞ்சம் சூட்டைக் குடிக்கும் என்பதால், முதலில் சில லிட்டர் வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு ஆரம்பிப்பது வழக்கம்.

பெட்டியை மாற்றியமைக்கும் வேலைக்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரம் வசதியானது. குளியலறைச் சாமான்களும் குழாய்ச் சாமான்களும் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்படாமல் இருந்திருந்தால், பாதிச் சாமானை நடைபாதையிலேயே பொறுக்கியிருக்கலாம். ஐஸ் உருகிய நீரை வெளியேற்ற பெட்டியின் அடியில் ஏற்கெனவே ஓர் ஓட்டையும் அடைப்பானும் இருக்கும். அடைப்பானைக் கழற்றி, அந்த ஓட்டையில் அரை அங்குலக் குழாய்த் துண்டைச் செருகி, இருபுறமும் சிலிகோன் வாஷர் வைத்து இறுக்கி, வெளியே ஒரு பால் வால்வு பொருத்த வேண்டும். பித்தளையைவிட எவர்சில்வர் நல்லது. பழைய வகைப் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும், ஊறலோ லேசான அமிலத்தன்மை உடையது.

உட்புறத்தில் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்குமே, எவர்சில்வர் கம்பிப் பின்னல் போட்ட வளையும் குழாய், அதில் ஒன்றை வாங்குங்கள். இரு முனைகளையும் வெட்டி, உள்ளே இருக்கும் ரப்பர்க் குழாயை உருவி எறிந்துவிடுங்கள். மிஞ்சும் வெறும் பின்னலின் ஒரு முனையை நசுக்கி மடித்து மூடி, மறுமுனையை வால்வோடு சேர்த்து, பெட்டியின் தரையில் கிடத்துங்கள். வடிகட்டி தயார். குழாயைச் செய்தவர் பின்னலைப் போட்டது அழுத்தத்தில் ரப்பர் வெடிக்காமல் இருக்க. இங்கே ரப்பருக்கு வேலையே இல்லை.

உண்மையில் வடிகட்டுவது பின்னலும் அல்ல, பார்லியின் உமிதான். மால்ட்டை மாவாகத் திரிக்காமல், உமி கிழியாதபடி இரண்டு உருளைகளுக்கு இடையில் நசுக்கி உடைப்பது இதற்காக. ஒரு மணி நேரம் கழித்து வால்வைச் சற்றே திறந்தால் முதலில் கலங்கலாக, மாவுத் துகளோடு சாறு வரும். அதை ஒரு குவளையில் பிடித்து மெதுவாக மேலேயே திரும்ப ஊற்ற வேண்டும். சில குவளைகளுக்குப் பிறகு உமிப் படுகை படிந்து இறுகி, தேன் நிறத்தில் தெளிந்த சாறு இறங்கும். அவசரப்பட்டு வால்வை முழுதாகத் திறந்தால் படுகை நசுங்கி அடைத்துக்கொள்ளும். பிறகு கரண்டியால் கிளறி, கலங்கலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். மால்ட் கிலோவுக்கு ஒரு லிட்டர் நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பதின்மூன்றரை லிட்டர் ஊற்றினால் ஒன்பது லிட்டர்தான் வரும். அதனால் 75 டிகிரி வெந்நீரை மறுபடி ஊற்றிக் கலக்கி, இரண்டாம் பால் எடுப்பதுபோல் இன்னொரு முறை வடிப்பார்கள். அதற்கு மேல் சூடேற்றினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும் ஆபத்து உண்டு. மாவுச்சத்து மிச்சமிருக்கிறதா என்று தெரிய ஒரு சொட்டுச் சாற்றில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். கருநீலம் வந்தால் இன்னும் வேலை முடியவில்லை என்று பொருள்.

தேக்கா ஈரச் சந்தையில் மீன் வந்திறங்கும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள் இலவசமாகக் கிடைக்கிறதே, அதில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தப் பாலிஸ்டைரீன் நுரை 80 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும், சூடான திரவத்தில் ஸ்டைரீன் கசியவும் இடமுண்டு. நல்ல ஐஸ் பெட்டியின் உள்சுவர் உணவுத் தரப் பாலிஎத்திலீனாக இருக்கும். அதுவும் வெந்நீருக்காகச் செய்யப்பட்டதல்ல. கொதிநீரைக் கொட்டினால் மெல்லிய உள்சுவர் நெளிந்துவிடும். 75க்குள் நின்றுகொண்டால் பிரச்சினை இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர்க் குழாய் நீர் மென்மையானது. வெளிர் நிறப் பியருக்குத் தோதானது. கொஞ்சம் ஜிப்சம் சேர்த்துச் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டினால், நொதிகளுக்குப் பிடித்த 5.2 முதல் 5.5 வரையான அமில நிலையை எட்டுவது எளிது. ஆனால் கிருமிநீக்கத்துக்காக அதில் இருக்கும் குளோரமீன் எளிதில் கொதித்துப் போகாது. மால்ட்டின் பீனால்களோடு அது சேர்ந்தால் பியரில் மருத்துவமனை வாடை அடிக்கும். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஒரு சிட்டிகை போட்டால் தீர்ந்தது. புதுநீரிலேயே பியர் காய்ச்சிக் காட்டியிருக்கிறது பொதுப் பயனீட்டுக் கழகம்: 2018இல் உள்ளூர் மதுபான ஆலையான பிரூவர்க்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட நியூபிரூ. கழிவுநீரைச் சுத்திகரித்த நீரில் பியரா என்று முகம் சுளித்தவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். தாதுக்கள் பெரும்பாலும் நீங்கிய நீர், தேவையான உப்புகளைத் தானே சேர்த்துக்கொள்ள விரும்பும் காய்ச்சுநருக்கு வெற்றுப் பலகை கிடைத்த மகிழ்ச்சியைத் தரும்.

இவ்வளவும் இங்கே சட்டப்படி செய்யலாமா? செய்யலாம். 2004 முதல் சிங்கப்பூரில் வீட்டில் பியர், ஒயின் போன்றவற்றை நொதிக்க வைக்க அனுமதி இருக்கிறது. சுங்கத்துறையின் நிபந்தனைகள் தெளிவானவை: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சொந்தக் குடிக்கு மட்டும், விற்கக் கூடாது, சாராயமாக வடிக்கக் கூடாது, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது. நம் பெட்டியில் ஒருமுறை காய்ச்சினால் 20 லிட்டர். கணக்கு உள்ளே அடங்கும். பணக் கணக்கும் உண்டு. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் பியரின் கலால் வரி, அதில் உள்ள ஆல்கஹாலில் லிட்டருக்கு 60 வெள்ளியாக உயர்ந்தது. 5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 20 லிட்டர் பியரில் ஒரு லிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. கடையில் வாங்கினால் வரி மட்டும் 60 வெள்ளி. இந்தப் பொழுதுபோக்கு இந்த ஊரில் ஏன் பரவியது என்பதற்குக் கைவினை ஆர்வத்தை மட்டும் காரணம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வடிக்கக் கூடாது என்ற நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. நொதித்தல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆல்கஹால் ஓர் அளவைத் தாண்டினால் ஈஸ்டே சோர்ந்துவிடும். வடித்தல் அந்த வரம்பை உடைத்து, தீப்பற்றும் ஆவியையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. திருட்டு வடிசாலைகள் உருவாக்கும் சந்தையில்தான் தொழிற்சாலை மெத்தனாலும் நுழைகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது அந்த மெத்தனாலால். தமிழ்நாட்டில் ஐஸ் பெட்டியில் ஊறல் போட்டாலும் குற்றம்தான், கள் இறக்கவே 1987 முதல் தடை. ஊறல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காட்டுக்குள் போலீஸ் உடைக்கும் பேரல்தானே நினைவுக்கு வருகிறது.

சிங்கப்பூர்த் தமிழருக்கும் மதுவோடு லேசான உறவு இருந்ததில்லை. குடியேற்றவாத ஆட்சிக் காலத்தில் இந்தியத் தொழிலாளருக்காகக் கள்ளுக்கடைகள் நடந்தன. 1970களின் இறுதியில்தான் அவை மறைந்தன. 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலை, ஹேம்ஷியர் சாலைச் சந்திப்பில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு மதுவின் மீதான பார்வை இன்னும் இறுகியது. 2015 ஏப்ரல் 1 முதல், நாடு முழுவதும் இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு அதைவிடக் கடுமை. சொந்தமாகக் காய்ச்சும் சலுகை சமையலறை இருக்கிறவர்களுக்கானது. விடுதியில் பலரோடு அறையைப் பகிர்ந்து வாழும் ஊழியர் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வந்தால் ஐஸ் பெட்டியைக் கடையில் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மீண்டும் சாற்றுக்கு வருவோம். அதை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாக வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சமையலறை நீராவிக் குளியலாகிவிடும், அடுத்த வீட்டுக்காரர் என்ன சமையல் என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் சிங்கப்பூர் இதுவரை தந்த சலுகைக்கெல்லாம் வட்டி கேட்கத் தொடங்குகிறது. கொதித்த சாற்றை விரைவாக ஆற்றி ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். செப்புச் சுருளைச் சாற்றுக்குள் இறக்கி அதன் வழியே குழாய் நீரை ஓட விடுவார்கள். குளிர்நாட்டில் 10 டிகிரி நீர் வரும், சாறு அரை மணியில் 20க்கு இறங்கிவிடும். இங்கே குழாய் நீரே 28, 30. சாறு 35ஐ ஒட்டி நின்றுவிடும், அதற்குக் கீழே போக ஐஸ் வேண்டும்.

ஆறிய பிறகும் தீர்ந்தபாடில்லை. வழக்கமான ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி வரை ஒழுங்காக நடந்துகொள்ளும். சிங்கப்பூரின் பகல் 31, 32. இரவுகூட 25ஐ ஒட்டித்தான். போதாததற்கு நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிட்டு இன்னும் சில டிகிரி ஏற்றும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசரமாகத் தின்று, கனமான ஆல்கஹால்களையும் தூக்கலான பழ வாசனைகளையும் கக்கும். தின்னர் நெடி அடிக்கும், மறுநாள் தலைவலி. இங்கே பெரிய அளவில் பியர் காய்ச்சக் குளிர்பதன இயந்திரம் தேவைப்பட்டதில் வியப்பில்லை. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலைக்காக அமைத்துத் தந்த குளிரூட்டியின் வழித்தோன்றல்கள் இல்லாவிட்டால், ஹைனகனும் ஃபிரேசர் அண்ட் நீவும் 1931இல் தொடங்கிய மலாயன் புரூவரீஸ், மறு ஆண்டே அலெக்சாண்ட்ரா சாலையிலிருந்து டைகர் பியரை வெளியே அனுப்பியிருக்க முடியாது. லாகர் வகைக்கு 10 டிகிரி அளவிலான குளிர் வாரக்கணக்கில் வேண்டும்.

இயந்திரம் இல்லாதவர் பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டுவார்; மின் கட்டணம் ஏறும். அல்லது நொதிக்கும் வாளியைப் பெரிய ஐஸ் பெட்டியில் தண்ணீருக்குள் இறக்கி, உறைய வைத்த போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றிக்கொண்டிருப்பார். வேலை செய்யும் முறைதான். ஆனால் ஒரு வாரம் வெளியூர் போக முடியாது.

மூன்றாவது வழி மேற்கு நார்வேயின் பண்ணைகளிலிருந்து வந்திருக்கிறது. வோஸ் போன்ற இடங்களில் விவசாயிகள் தலைமுறைகளாகத் தங்கள் ஈஸ்டை மரவளையங்களில் காய வைத்துச் சேமித்து, பண்டிகைக்குப் பியர் காய்ச்சும்போது எடுத்துப் பயன்படுத்தினார்கள். குவெய்க் என்பது அதன் பெயர். குளிர்பதனமோ வெப்பமானியோ இல்லாமல், சாறு கறந்த பாலின் சூட்டுக்கு வந்ததும் ஈஸ்டைப் போட்டுவிடுவார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வந்த ஈஸ்ட், 35 முதல் 40 டிகிரியில் துர்நெடி இல்லாமல், இரண்டு மூன்று நாளில் வேலையை முடிக்கிறது. லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற நார்வே எழுத்தாளர் பண்ணை பண்ணையாகப் போய் இந்த வழக்கங்களைப் பதிவு செய்தார். இன்று அதே ஈஸ்ட் காய்ந்த பொடியாகப் பொட்டலத்தில் உலகெங்கும் விற்கிறது.

சிங்கப்பூரில் இதன் பொருள், குழாய் நீர் சாற்றை எந்த 35 டிகிரியில் கைவிடுகிறதோ அந்த இடத்திலேயே ஈஸ்டைப் போட்டுவிடலாம் என்பது. ஐஸ் வேண்டாம். நம் சமையலறையின் 30 டிகிரியே வோஸ் ஈஸ்டுக்குக் கொஞ்சம் குளிர். அது தன் ஆரஞ்சுத் தோல் வாசனையை முழுதாகக் காட்ட வேண்டுமானால் வாளியைப் பெரிய ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டி இல்லாவிட்டால் மூடிக்குப் போட்ட அந்தப் போர்வையையே சுற்றி, நொதித்தலின் சொந்தச் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.